ஜனீன் சொன்ன இரண்டு பொய்கள்

இங்கிலாந்தில் பிரிட்லிங்டன் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கிற மேக்ஸினின் சலூனுக்கு வரும் பெண்கள் ஜனீனுக்காகக் காத்திருப்பார்கள். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தாலும் சரி, பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். "அவ கையில தலையைக் குடுத்துட்டா ஒரு வாரக் கவலை போயிடும்" என்பார்கள். மேக்ஸினுக்கு இதில் பொறாமை இல்லை. கடை அவளுடையது, ஜனீன் அந்தக் கடையின் வாய். இருபத்துநான்கு வருஷமாக அப்படித்தான்.

ஜனீனின் பேச்சு முழுக்க முன்பே படித்துக்கொண்டு வந்த பேச்சு என்பது மட்டும் ஒருத்திக்கும் தெரியாது.

பதினேழு வயதில் அவள் வேலை பழகப் போன வேறொரு கடையில் முதலாளியம்மா ஒருநாள் சொன்னாள்: "கை தங்கக் கைதான் உனக்கு. மூஞ்சிதான் சுவரு மாதிரி இருக்கு. இப்படி உம்முன்னு நின்னா எவ வருவா?" அன்றிலிருந்து ஜனீன் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் "அடக் கடவுளே" என்கிறார்கள், ஒருத்தி வீட்டு இழவைச் சொல்லும்போது இன்னொருத்தி தலையை எவ்வளவு சாய்க்கிறாள் என்பதையெல்லாம் வீட்டுக்கு வந்து எழுதி வைத்தாள். பிறகு வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம். மிஸஸ் ஓல்ட்ராய்ட்: இடது முழங்கால், லீட்ஸில் மகள், பூனைக்குச் சர்க்கரை வியாதி, மருமகன் பேச்சை எடுக்காதே. காலையில் கடை திறப்பதற்கு முன் பின்னறையில் நின்று, அன்றைக்கு வருகிறவர்களின் பக்கங்களை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு, உடுத்திய உடையோடு, தண்ணீர் இல்லாத தொட்டியில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடப்பாள். விளக்குப் போடமாட்டாள். அவள் புருஷன் கீத் பஸ் ஓட்டுகிறவன். அவனும் சத்தத்தில் நாளைக் கழித்துவிட்டு வருகிறவன்தான். ஆரம்பத்தில் கதவைத் தட்டிப் பார்த்தான். பிறகு வெளியில் நின்று, "உருளைக்கிழங்கு உரிச்சு வச்சிருக்கேன், கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான்.

நாற்பத்துநாலு வயதில் அந்த ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச்சே வரவில்லை. டாக்டர் முதலில் வயசுக் கோளாறு என்றார்; அப்புறம் வேறொருவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷம் வரிசையில் காத்திருந்து, நாலு மணி நேரம் ஒரு பெண் நிபுணரிடம் பேசியபின் கடிதம் வந்தது. ஆட்டிசம். பிறந்ததிலிருந்தே இருப்பது. இவ்வளவு நாள் அதை மறைத்து மறைத்துத்தான் இப்படிக் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தது.

கீத் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். "சரி. இப்ப டீ போடட்டா?" என்றான். டீ வந்த பிறகு கேட்டான்: "கடையில சொல்லப் போறியா?"

"மாட்டேன்."

"மேக்ஸின்கிட்டயாவது?"

"சொன்னா என்ன நினைப்பாங்க? இத்தனை வருஷம் அவங்க முழங்காலைப் பத்தி நான் விசாரிச்சதெல்லாம் நடிப்புன்னு நினைப்பாங்க."

"நடிப்பா அது?"

ஜனீன் யோசித்தாள். "தெரியல" என்றாள். கடிதத்தைக் கிறிஸ்துமஸ் மேஜைவிரிப்புக்கு அடியில் வைத்து அலமாரியை மூடினாள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரி மாதம், ஃபெர்ன் கடைக்கு வேலைக்கு வந்தாள். ஹல் நகரத்துக்காரி. முப்பத்தொரு வயது. வந்த முதல் நாளே தன் நாற்காலிக்கு எதிரே இருந்த கண்ணாடியின் ஓரத்தில் ஒரு அட்டையைச் செருகினாள். 'எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. வெட்டும்போது அதிகம் பேசமாட்டேன். கேள்வி கேட்டால் பதில் சொல்வேன்.'

மேக்ஸின் அட்டையைப் படித்துவிட்டு ஜனீனைப் பார்த்தாள். ஜனீன் சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபெர்ன் வேலையில் குறை சொல்ல முடியாது. குட்டை முடி வெட்டுவதில் அவள் கைக்கு ஈடு அந்த ஊரில் இல்லை. காதில் பஞ்சு மாதிரி ஒன்றைச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் வெட்டி முடிப்பாள். பேச்சுப் பிடிக்காத நாலைந்து பேர் அவளிடமே வர ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். "கல்லறையில உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. "மூணு பேரப்பிள்ளை போட்டோ காட்டினேன். 'பார்த்துட்டேன்'னு சொல்லுது அந்தப் பொண்ணு!" என்றாள் இன்னொருத்தி. ஜனீன் அதற்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

மார்ச்சில் ஜனீனுக்குப் பல்வலி. அவள் லீவு போட்ட சனிக்கிழமை மிஸஸ் ஓல்ட்ராய்டின் தலையை ஃபெர்ன் செய்தாள். எழுபத்தெட்டு வயது அவருக்கு. முப்பது வருஷமாகச் சுருள் முடி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து போட்டுச் சுருட்டிக்கொள்வார். "எப்படி இருக்கு என் தலை?" என்று அவர் வழக்கம்போலக் கேட்டார். கேள்வி கேட்டால் பதில் சொல்வேன் என்று அட்டையிலேயே எழுதியிருந்ததே.

"உச்சியில ரொம்ப மெலிஞ்சிருக்கு. மருந்துச் சுருளை நிறுத்திடுங்க. இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை போட்டா முடி உடைஞ்சு கையோட வந்துடும்" என்றாள் ஃபெர்ன்.

மிஸஸ் ஓல்ட்ராய்ட் அழுதுவிட்டார். திங்கட்கிழமை மேக்ஸினுக்குப் போன் வந்தது.

அந்த உச்சி மெலிந்தது ஜனீனுக்கு ஒரு வருஷமாகத் தெரியும். பக்கத்துச் சுருளை இழுத்து மூடிவிடுவாள். "அம்சமா இருக்கு" என்பாள். நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள்: தலை பற்றிக் கேட்டால், அம்சமாக இருக்கிறது.

அந்த வாரம் கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடற்காற்று கோட்டைப் பிடித்து இழுத்தது. ஃபெர்ன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஜனீன், நீங்களும்தானே?"

"நானும் என்ன?"

"ஆட்டிசம். பின்னறையில உங்க நோட்டு திறந்து கிடந்தது. நான் தேடிப் பார்க்கல, கண்ணுல பட்டுச்சு. நானும் இருபது வயசுல அதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தேன்."

ஜனீன் செய்தது இவ்வளவுதான்: கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மேக்ஸின் சிரிக்கிற மாதிரி தலையைப் பின்னால் தள்ளி, சத்தமாகச் சிரித்தாள். "என்னையா சொல்ற? இந்த ஊர்லயே பெரிய வாயாடி நான்தான்னு யாரை வேணா கேட்டுப் பாரு! எனக்கு ஞாபகமறதி, அதுக்குத்தான் நோட்டு."

ஃபெர்ன் அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரி. தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் யாரிடமும் எடுக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில், வேலைக்கு எடுக்கும்போது ஃபெர்னுக்கு வைத்த சோதனைக்காலம் முடிந்தது. மேக்ஸின் கடையைச் சாத்தியபின் ஜனீனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஓடல. வெட்டு நல்லா வெட்டுது. ஆனா ஓல்ட்ராய்ட் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டிருக்கு. இன்னும் ரெண்டு பேர் வேற சொல்லிட்டாங்க. நீ என்ன சொல்ற? நீ வச்சுக்கலாம்னா வச்சுக்கறேன். சனங்களைப் பத்தி உன்னைவிடத் தெரிஞ்சவ யாரு?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வச்சுக்கலாம், மேக்ஸின். அந்த வார்த்தை ஜனீனின் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் ஃபெர்ன் தினமும் பக்கத்து நாற்காலியில் நிற்பாள், நோட்டைப் பார்த்தவள், தெரிந்துகொண்டவள். அந்த நினைப்பு வந்ததும் வேறு வார்த்தைகள் வந்துவிட்டன.

"கை நல்ல கைதான். ஆனா நம்மகிட்ட வர்றவங்க முடி வெட்டிக்க மட்டுமா வர்றாங்க? எல்லாருக்கும் இந்தத் தொழில் ஒத்துவராது, மேக்ஸின்."

அந்தப் பழைய முதலாளியம்மா முப்பது வருஷத்துக்கு முன் சொன்னதைத்தான் கொஞ்சம் மரியாதையாக மாற்றிச் சொல்லியிருக்கிறோம் என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஃபெர்ன் கத்தரிகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். அட்டையை எடுத்தாள். கதவருகில் நின்று, "மேக்ஸின் உங்ககிட்ட என்னைப் பத்திக் கேட்டாங்களா?" என்றாள்.

"என்கிட்டயா? இல்லையே. கேக்கவே இல்ல" என்றாள் ஜனீன்.

ஃபெர்ன் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். ஒருவர் சொன்னால் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவள் அவள். ஜனீனுக்கு அது தெரியும், ஏனென்றால் அவளும் அப்படிப்பட்டவள்தான். மணி அடித்துக் கதவு சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் ஜனீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீனை முள்ளெடுத்துத் தட்டின் ஓரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தாள். "என்ன ஆச்சு?" என்று கீத் கேட்டதற்குப் பல்வலி என்றாள். பல்லைப் பிடுங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடையில் யாராவது, "நல்ல வேளை, அந்த ஊமை போயிடுச்சு" என்றால் அவள் உதடு தானாக விரிந்து சிரிக்கும். சிரித்த பிறகு கன்னம் வலிக்கும். மறைக்கிறது என் உரிமை என்று நினைத்துப் பார்த்தாள், அதில் தப்பில்லைதான். ஆனால் மறைப்பதற்காக இன்னொருத்தியின் பிழைப்பைப் பிடுங்கியது எந்தக் கணக்கில் சேரும்? கேட்டுச் சொல்ல ஆளில்லை. கேட்கவும் தைரியமில்லை.

ஜூனில் மிஸஸ் ஓல்ட்ராய்ட் சுருளுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம்.

"அந்தப் பொண்ணு என்னென்னவோ சொல்லிப் பயமுறுத்திடுச்சு, கண்ணு. நீ சொல்லு. போடலாம்தானே?"

மருந்து போடுவதற்கு முன் இரண்டு முடியை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதல் வருஷப் பாடம் அது. ஜனீன் பார்க்கவில்லை. பார்த்தால் ஃபெர்ன் சொன்னது உண்மையென்று தெரிந்துவிடும். "தாராளமா போடலாம். அம்சமா இருக்கு" என்றாள்.

குச்சிகளில் முடியைச் சுற்றி, மருந்து விட்டு, இருபது நிமிஷம் கழித்துத் தண்ணீரில் அலசினாள். உச்சியில் இருந்த மூன்று குச்சிகள் தொட்டியில் விழுந்தன. சுற்றிய முடி சுற்றியபடியே அவற்றோடு போயிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மண்டை வெளுப்பாகத் தெரிந்தது.

ஜனீன் குழாயை மூடினாள். மிஸஸ் ஓல்ட்ராய்ட் கண்ணை மூடியபடி முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க முடி உடைஞ்சிடுச்சு" என்றாள் ஜனீன். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லாமல், வீட்டில் குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் பேசுகிற குரல். "உச்சியில ஒரு திட்டு போயிடுச்சு. தப்பு என்னோடது. ஃபெர்ன் சொன்னது சரி. எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்."

மிஸஸ் ஓல்ட்ராய்ட் கையை மேலே கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். மேக்ஸின் ஓடி வந்தாள். முடி உலர்த்திக்கு அடியில் இருந்த இரண்டு பெண்கள் தலையை வெளியே நீட்டினார்கள்.

"தெரிஞ்சுமா போட்ட? ஏன்டி?" என்றாள் மேக்ஸின்.

"உண்மையைச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல, மேக்ஸின். என்ன சொல்லணும்னு எழுதி வச்சுட்டுப் பேசறவ நான். எனக்கும் ஆட்டிசம்தான். ரெண்டு வருஷம் முன்னாடி கடுதாசி வந்துச்சு. ஃபெர்னுக்கு அது தெரிஞ்சிடுச்சு. அதனாலதான் அவ வேண்டாம்னு உங்ககிட்ட சொன்னேன்."

ரேடியோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. மேக்ஸின் எட்டி அதை அணைத்தாள்.

மிஸஸ் ஓல்ட்ராய்ட் தலையில் துண்டோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப என் பூனையைப் பத்தி வாராவாரம் கேட்டியே? அதுவும் எழுதி வச்சுத்தானா?"

"ஆமாம்."

"அது செத்தப்ப நீ ஆறுதல் கார்டு அனுப்பினியே?"

"கேக்கறது எழுதி வச்சுட்டுக் கேட்டேன். கார்டு யாரும் சொல்லி அனுப்பல. அன்னிக்கு எனக்கும் அழுகை வந்துச்சு."

மிஸஸ் ஓல்ட்ராய்ட் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "என் மருமகன் எழுதி வச்சுட்டாவது விசாரிச்சா தேவலை" என்றார். பிறகு, "இந்தத் தலையோட நான் எப்படி ஞானஸ்நானத்துக்குப் போறது?" என்று அழுதார். ஜனீன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மேக்ஸின் அவளைத் திட்டினாள். "ஆட்டிசத்துக்காகத் திட்டல. அது இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ சொன்னதை நம்பி ஒரு பொண்ணை அனுப்பிட்டேனே, என்னையும் சேர்த்துப் பாவியாக்கிட்டியேடி" என்றாள். பிறகு அவளே, "உன்னை மட்டும் சொல்லி என்ன. கடை என்னோடது. நான்தானே அனுப்பினேன்" என்று சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஃபெர்னுக்கு ஜனீன் செய்தி அனுப்பினாள்: பார்க்கலாமா? பதில் உடனே வந்தது. 'எதைப் பற்றி என்று முன்பே சொன்னால் வருகிறேன்.' ஜனீன் கீத்திடம் காட்டினாள். "நியாயம்தானே" என்றான் அவன். 'உன்னிடம் இரண்டு பொய் சொன்னேன். அதைப் பற்றி' என்று எழுதி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வடக்குக் கடற்கரைக் கார் நிறுத்தத்தில் ஃபெர்னின் சின்னக் காருக்குள் உட்கார்ந்தார்கள். பின்சீட்டில் கத்தரிப் பையும் மடக்கு நாற்காலியும் கிடந்தன. இப்போது வீடு வீடாகப் போய் வெட்டுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். அது இருவருக்கும் வசதியாக இருந்தது. ஜனீன் எழுதி வைத்துக்கொள்ளாமல், திக்கித் திக்கி, எல்லாவற்றையும் சொன்னாள்.

முடிந்ததும் ஃபெர்ன் சொன்னாள்: "முதல் பொய் பரவாயில்ல. அது உங்க விஷயம். யார்கிட்ட எப்ப சொல்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நான் கேட்டதே தப்பு."

"ரெண்டாவது?"

"ரெண்டாவதை நான் நம்பினேன். ஆட்டிசத்துக்காக வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னு வழக்குப் போடலாம்னு எங்கம்மா சொன்னாங்க. வேண்டாம்மா, அங்க ஜனீன்னு ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க மட்டும் எனக்கு எதிரா எதுவும் சொல்லல, அவங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம்னு சொன்னேன்."

ஜனீனுக்குக் கண்ணீர் வந்தது, அழுதால் ஃபெர்ன் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க? உங்க மனசு லேசாகவா?" என்றாள் ஃபெர்ன். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அதுக்கும்தான்."

"சரி. ஆச்சா?"

"இல்ல."

ஃபெர்ன் கார் சாவியை விரலில் சுற்றினாள். "மன்னிச்சுட்டேன்னு சொல்லமாட்டேன். இன்னும் மன்னிக்கல, அதனால. எப்பவாவது மன்னிச்சா வந்து சொல்றேன்." பிறகு, "எனக்கு மூணு மணிக்கு ஒரு வீடு இருக்கு" என்றாள். ஜனீன் இறங்கிக்கொண்டாள்.

மேக்ஸினும் ஃபெர்னுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாள். திரும்ப வரச் சொன்னாள். வேண்டாம், எனக்கு இப்போதே வாரம் முழுக்க வேலை இருக்கிறது என்றுவிட்டாள் ஃபெர்ன். மிஸஸ் ஓல்ட்ராய்ட் ஞானஸ்நானத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஃபெர்னையே வீட்டுக்கு வரவழைத்து, மிச்சமிருந்த சுருளையெல்லாம் எடுத்துவிட்டு ஒட்ட வெட்டிக்கொண்டார். காட்டுவதற்காகக் கடைக்கு வந்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. "பாத்தியா? இனிமே அவகிட்டதான்" என்றார். ஜனீன் பார்த்தாள். காதோரத்தில் அந்த வளைவு அவளால் வெட்ட முடியாதது. "நல்லா இருக்கு" என்றாள். இந்தத் தடவை அது உண்மை.

ஜனீனைப் பற்றிய செய்தி ஊரில் பரவியது. இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். ஒருத்தி ஜனீனிடம் சின்னப் பிள்ளையிடம் பேசுவது மாதிரி மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேச ஆரம்பித்தாள். "காது நல்லாக் கேக்குது, மார்ஜரி" என்று மேக்ஸின் அதட்டிய பிறகு விட்டாள். மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். பேசத் தோன்றுகிற நாளில் ஜனீன் பேசினாள். தோன்றாத நாளில், "இன்னிக்கு சும்மா வெட்டறேன்" என்றாள். ஆச்சரியம், பாதிப் பேர் அதற்கு "அப்பாடா" என்றார்கள். கடையில் அவள் பேச்சு குறைந்தது, வீட்டில் கீத்தோடு கூடியது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது என்று அவன் சொல்வான். அதுதான் அவளை அரித்தது. சொன்னதற்காகத் தனக்கு ஒன்றும் பெரிதாகப் போய்விடவில்லை. இதை ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாம்.

மறு வருஷம் மார்ச்சில், சலூன் சாமான் விற்கும் மொத்தக்கடையில், தலைச்சாய டப்பாக்களுக்கு நடுவில் ஃபெர்னைப் பார்த்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்பினாள்.

"ஜனீன்" என்றாள் ஃபெர்ன். "இந்தப் புது பிரவுன் நரையைப் பிடிக்குதா?"

"நாலு வாரம் பிடிக்குது. அப்புறம் செம்பட்டை ஓடுது."

"அப்ப பழசே வாங்கறேன்."

இரண்டு டப்பாக்களை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தவள் போல ஒரு நிமிஷம் நின்றாள். மன்னித்தால் வந்து சொல்கிறேன் என்றவள் அவள்; ஜனீன் காத்திருந்தாள். ஃபெர்ன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பணம் கட்டுகிற வரிசைக்குப் போனாள்.